மூணடுக்கு

பம்மத்தில் என் வண்டி புகைந்து நின்றபோது
மணி ஒன்பது.
பதினொன்றரைக்கு முட்டத்தில் கல்யாணம்.
கையில் மூன்றடுக்குக் கேக்,
தலைக்கு மேல் சித்திரை வெயில்.

நிறுத்திய ஒரே ஆள் தாணுலிங்கம்.
குட்டியானை வண்டி.
பின்னால் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டி,
பக்கப் பலகையில் நீல எழுத்து: இரவு பகல் சேவை.
“கடியப்பட்டணத்துக்குப் போறேன். ஏறுதியளா?
ஆளு இன்னும் போவல்ல.
போயிரும்னு மருமவன் முன்பணம் குடுத்துட்டான்.”

ஏறினேன். வேறென்ன செய்ய.
முன்சீட்டில் நான், என் மடியில் கேக்,
கேக்கின் உச்சியில் இரண்டு சர்க்கரைப் புறா,
எதிரே அணையாத ஊதுபத்தி.
வெண்ணெய் எந்த வாசனையையும் குடித்துவிடும் என்றேன்.
“குடிக்கட்டும். நல்ல பத்தி” என்றார்.

முப்பதுக்கு மேல் முள் நகரவில்லை.
“கொஞ்சம் மிதியுங்க அண்ணே.”
“எனக்குப் பின்னால எப்பவும் ஆளு நடந்துல்லா வரும்.
காலு அப்படிப் பழகிப்போச்சு.”
சாமியார்மடத்துக் குழியில்
மேலடுக்கு ஒருபக்கம் சாய
“பைய! பைய!” என்று நானே கத்தினேன்.
“ஒண்ணச் சொல்லுங்க பிள்ளே.
மிதிக்கணுமா, பைய போணுமா?”
அழகியமண்டபம் தாண்டும்வரை
இருவரும் பேசவில்லை.

தக்கலையில் நெரிசல்.
பூக்கூடை மூடியால் விசிறினேன்.
ஒரு கிரீம் ரோஜா வழுக்கி என் சேலையில் விழுந்தது.
“சவத்த விடுங்க, இனி என்ன” என்றேன்
நம்மூர் வாய்ப்பழக்கத்தில்.
திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.
தொழில் வார்த்தையை
வெளியாள் எடுத்தது பிடிக்கவில்லை.

அப்போதுதான் போன்.
“என்னது? கஞ்சி கேக்காரா?
…தொவையலோடயா?”
வைத்துவிட்டு நெடுநேரம் ஸ்டீரிங்கைப் பார்த்தார்.
“நல்ல காரியந்தான்” என்றார்,
முன்பணம் திருப்பவேண்டிய குரலில்.

நான் பின்னால் பார்த்தேன்.
பெட்டி காலி. இன்வெர்ட்டர் ஓடுகிறது.
“வேண்டாம்” என்றார், நான் வாய் திறக்குமுன்.
“கழுவியாச்சுல்லா?”
“டெட்டால் போட்டு ரெண்டு தரம். அதுக்கில்ல பிள்ளே.
இதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.”
“மரியாதையாத்தான் வைப்போம்” என்றேன்.
ஒரு புறாவுக்கு அலகு உருகியிருந்தது.
அதைப் பார்த்துத்தான் சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு சாலை எங்களுடையது.
பஸ் தானே பின்னால் போனது.
இரணியல் டீக்கடையில்
மடித்துக் கட்டிய வேட்டிகள் வரிசையாக இறங்கின.
திங்கள்சந்தையில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி
எங்களுக்காக நாலு பக்கமும் நிறுத்தினார்.
கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த ஒருத்தி
“ஐயோ, சின்னதுல்லா” என்று கண்ணைத் துடைத்தாள்.
நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
சிரிப்பை வேறெங்கே வைப்பது.

பதினொன்று இருபது. கோயில் முற்றம்.
எங்களைக் கண்டதும்
பேண்டுசெட்டின் எக்காளம் பாதியில் அறுந்தது.
மாப்பிள்ளையின் சித்தப்பா சிலுவை போட்டார்.
ஒரு கிழவி யாரென்று கேட்காமலே
ஒப்பாரியின் முதல் வரியை எடுத்துவிட்டாள்.
தாணுலிங்கம் இறங்கி
எல்லா நாளும்போல் செருப்பைக் கழற்றி
மெதுவாக மூடியைத் தூக்கினார்.
குளிர்புகை விலகியது.

“கேக்கு!” என்றான் ஒரு பையன்.

மணப்பெண் சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவியது.
பெண்ணின் அத்தை மட்டும்
செத்தாலும் தொடமாட்டேன் என்றாள்.
பிறகு அவள் கைப்பையிலிருந்து
கிரீம் கசிந்ததை நான் பார்த்தேன்.

வாடகை எவ்வளவு என்றேன்.
“பில்லு போடாம வாங்கப்பிடாது” என்று
புத்தகத்தைத் தொடைமேல் விரித்தார்.
மறைந்தவர் பெயர் என்ற இடத்தில்
பேனா நின்றது.
கேக், மூணடுக்கு என்று எழுதினார்.
“வயசு?”
“நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு
அடுப்ப விட்டு எறக்குனது.”
“ஒரு நாளும் தெவயல்ல” என்று முணுமுணுத்து
அரை வாடகை போட்டார்.

அவருக்கென்று எடுத்துவைத்த துண்டைக் கொடுத்தேன்.
வாயில் போட்டு மென்றார்.
“பத்தி மணக்குது” என்றார்,
பெரிய பாராட்டுபோல.